மெல்லடிப் பேரவையில் ஒரு மெத்தைக்காரர்

மெத்தைக்காரருக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது ஒரு பஸ்ஸால். கடைக்குப் போகிற அவசரத்தில் ஒருநாள் காலை, கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினார். பிடித்தும் விட்டார். நாற்பதைத் தாண்டிய பிறகு அவர் ஓடிப் பிடித்த முதல் பொருள் அது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, அதே பஸ்ஸை மறுபடியும் துரத்தினார். கண்டக்டர் படியில் நின்று, "ஏறப் போறீங்களா, இறங்கப் போறீங்களா சார்? ஒரு முடிவுக்கு வாங்க" என்று கேட்டார்.

"ஓடப் போறேன்" என்றார் மெத்தைக்காரர்.

அன்று மாலையே ஷூ வாங்கினார். முப்பது வருடமாக மெத்தை விற்கிறவருக்கு மெத்தென்று இருப்பதெல்லாம் நல்லது என்றுதான் தோன்றும். கடையிலேயே தடித்த அடி எதுவோ அதைக் கேட்டு வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் மனைவியைவிட உயரமாகத் தெரிந்தார். ஓடினால் இரண்டு தலையணைகளைக் காலில் கட்டிக்கொண்டு தடுமாறுகிற மாதிரி இருந்தது. சில வாரங்களில் முழங்கால் பேச ஆரம்பித்தது. பிறகு கத்த ஆரம்பித்தது.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வீட்டுக்காரரின் முழங்காலைப் படம் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"எலும்பு ஜம்முன்னு இருக்குங்க. தப்பு ஷூ மேலதான். கீழ தரை இருக்குங்கறதே உங்க காலுக்குத் தெரியல. அதனால தொம்மு தொம்முன்னு குதிகாலைப் போட்டு இடிக்கிறீங்க. மெல்லிசா ஒண்ணு வாங்குங்க."

வாங்கினார். அதைச் செருப்பு என்பதா, காலுறை என்பதா என்று கடைக்காரருக்கே குழப்பம். மடித்தால் சட்டைப் பைக்குள் போனது. விரல்கள் விரிந்து உட்கார முன்பக்கம் அகலமாக இடம் இருந்தது. அடியில் ஏதோ பேருக்கு ஒரு தோல்.

மறுநாள் விடிகாலை ஆற்றங்கரைச் சாலையில் அதைப் போட்டுக்கொண்டு ஓடியபோது மெத்தைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரை என்று இத்தனை நாள் அவர் நினைத்திருந்தது ஒரே தரை அல்லவாம். பாலத்துக் கல் சில்லென்று இருந்தது. ஈர இலை வழுக்கிக் கொஞ்சியது. சிமெண்ட் ஒரு மாதிரி, தார் ஒரு மாதிரி, புல் வேறு மாதிரி. குதிகாலை இடித்தால் மண்டை வரை கேட்டது. அதனால் கால் தானாகவே சின்னச் சின்ன எட்டாக, முன்பாதத்தில் இறங்கக் கற்றுக்கொண்டது.

"ஏய், இங்க ஒரு குட்டிக் கல்லு! கால்லயே தெரியுது!" என்று கத்தினார்.

"எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்துடாதீங்க" என்றாள் மனைவி. அவளும் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போகிற பழைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் அவளுக்கு ஆஸ்பத்திரி, அவருக்குக் கடை. வாய்விட்டுப் பேசிக்கொள்ள இருவருக்கும் கிடைத்தது இந்த விடிகாலை ஓட்டம் ஒன்றுதான். அடுத்த பத்து நாள் கெண்டைக்கால் இரண்டும் கருங்கல்லாகிவிட, மெத்தைக்காரர் மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினார். கடையில் வாடிக்கையாளர் பார்த்து, "என்னங்க ஆச்சு?" என்றால், "ரொம்ப நல்லாயிருக்கேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பிறகு வலி போயிற்று. ஆசை போகவில்லை, வளர்ந்தது.

வருடா வருடம் ஆற்றங்கரையில் ஒரு பெரிய ஓட்டம் நடக்கும். பள்ளிக்கூட நாளில் பந்தயங்களில் மெத்தைக்காரர் வகித்த பதவி, முடிவுக்கோட்டில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஒருமுறையாவது அந்தக் கயிற்றை நெஞ்சால் அறுக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. ஆனால் அதை நடத்துவது மெல்லிய பாதணி போட்டு ஓடுகிறவர்களின் மெல்லடி ஓட்டப் பேரவை, அதில் உறுப்பினராக வேண்டும் என்றார்கள். அதனால் என்ன, பேரவையின் செயலாளர் வேறு யாரும் இல்லை, அவர் மனைவியின் தம்பிதான்.

பேரவை அலுவலகத்தில் மெத்தைக்காரர் முதலில் கவனித்தது கம்பளத்தை. கால் அதில் கணுக்கால் வரை புதைந்தது. சுவரில் பெரிய எழுத்தில், 'காலுக்கும் பூமிக்கும் நடுவே எதுவும் வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

"வாங்க, விண்ணப்பதாரரே" என்றான் மச்சினன்.

"டேய், நான்தான்டா."

"இங்க உறவெல்லாம் கிடையாது, விண்ணப்பதாரரே. தலைவர் உள்ள இருக்கார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அத்தான், ராத்திரி சாப்பாட்டுக்கு வரேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றான்.

தலைவர் சுழல் நாற்காலியில், முயல்குட்டி போன்ற இரண்டு பஞ்சுச் செருப்புகளில் கால் நுழைத்து உட்கார்ந்திருந்தார். மெத்தைக்காரரின் பார்வை கீழே போவதைக் கவனித்து, தாமே விளக்கம் தந்தார்.

"என் பாதம் பேரவையோட சொத்து. அதைக் கண்ட தரையில வெச்சு வீணாக்க எனக்கு உரிமை இல்ல. பாருங்க, காலுக்கும் பூமிக்கும் நடுவுல யாரும் வரக் கூடாது. அப்படி யாரும் வராம பாத்துக்கறதுக்குத்தான் நடுவுல நாங்க இருக்கோம்."

"ஐயா எந்தப் பக்கம் ஓடுவீங்க? ஆத்தங்கரையா?"

தலைவர் கருணையோடு சிரித்தார். "ஓடறவங்களுக்கு மூச்சு வாங்கவே நேரம் சரியா இருக்கும். ஓட்டத்தைப் பத்தி யோசிக்க யாராவது ஒருத்தர் உக்காரணும் இல்லையா? நான் உக்காந்தேன். பதினேழு வருஷமா எழுந்திருக்கலை."

மெத்தைக்காரருக்கு இது பெரிய தியாகமாகத்தான் பட்டது. கும்பிட்டுவிட்டு வந்தார்.

பயிற்சி விடிகாலையில் நடந்தது. முதல் பருவத்தில் உட்கார்ந்தபடி ஓட்டத்தை நினைக்க வேண்டும். இரண்டாம் பருவத்தில் நின்றபடி நினைக்கலாம். மூன்றாவதில் நடை. நான்காவதில், தலைவர் அனுமதித்தால், ஓட்டம். பந்தய நாளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நான்காம் பருவத்தை எட்டியவர் யாராவது உண்டா என்று மெத்தைக்காரர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். "ஒருத்தர் எட்டினாரு. ஆனா அதுக்குள்ள அவருக்கு ஓடத் தோணலை" என்றார் அவர்.

நடுவே தரை உணர்வுத் தேர்வு என்று ஒன்று. கண்ணைக் கட்டி, கூழாங்கல் பரப்பிய தட்டில் ஏற்றிவிட்டார்கள். மெத்தைக்காரர் ஏறினார்.

"ஐயோ அம்மா!"

"தவறு" என்றார் தேர்வாளர். "சரியான விடை, 'மகிழ்ச்சி'."

"வலிக்குதுங்களே?"

"அதைப் பேரவை வலின்னு சொல்றதில்லை. பூமி உங்களை விசாரிக்குது. நீங்க பதில் சொல்றீங்க. மறுபடியும் ஏறுங்க."

மூன்றாவது தடவை, கண்ணில் நீர் தளும்ப, "மகிழ்ச்சி!" என்று மெத்தைக்காரர் அலறிய அலறலில் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த பொருளாளர் எழுந்து ஓடிவந்து கைகுலுக்கினார். பேரவை வளாகத்தில் யாரோ ஓடியதை அன்றுதான் மெத்தைக்காரர் முதல் தடவையாகப் பார்த்தார்.

வீட்டில் நிலைமை வேறாக இருந்தது. ஒருநாள் காலை மனைவி வாசலில் நின்று ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்காவது வரீங்களா?"

"இன்னிக்கு உக்காந்து நினைக்கிற வகுப்பு. விட்டா போச்சு."

"முன்னல்லாம் நீங்க ஓடினீங்க, நான் கூட ஓடினேன். இப்ப நீங்க ஓட்டத்தைப் படிக்கிறீங்க, நான் தனியா ஓடறேன். நேத்து பாலத்துக்கிட்ட ஒரு மீன்கொத்தி. யாருகிட்ட காட்டறதுன்னு திரும்பிப் பாத்தேன். பின்னாடி ஒரு நாய்தான் வந்துச்சு."

"நாய்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். உங்களை விட நல்லாக் கவனிச்சுது."

மெத்தைக்காரருக்கும் கூடப் போக ஆசைதான். ஆனால் பந்தயத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வகுப்புக்குப் போனார்.

அங்கே அவருக்கு இடி காத்திருந்தது. மென்மையைப் பரப்புகிற ஒருவர் பேரவைக்குள் நுழைந்துவிட்டார் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். விசாரணைக் குழு கூடியது.

"நீங்க தினமும் எதுல படுக்கறீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"மெத்தையிலங்க."

அறை முழுக்க 'உச்' கொட்டியது.

"மெத்தை விக்கிற கையும் பூமியைத் தொடற காலும் ஒரே உடம்புல எப்படிங்க சேர்ந்து இருக்க முடியும்? உங்க கடையைப் பரிசோதனை பண்ணணும். மெத்தையோட ஆபத்து என்னன்னு நேர்ல பாக்கணும்."

இரண்டு பரிசோதகர்கள் கடைக்கு வந்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஜன்னலோர இரட்டை மெத்தையை விரலால் அழுத்தினார்கள். பிறகு முழங்கையால் அழுத்தினார்கள். "உக்காந்து பாத்தாதான் தெரியும்" என்றார் நெட்டை. உட்கார்ந்தார்கள். "இப்படிச் சாஞ்சா எப்படி இருக்கும்னு..." என்று தொடங்கிய குட்டை அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். ஒரு தம்பதி இருவரையும் காட்டி, "இதேதான் வேணும், இதே மாதிரி தூக்கம் வரணும்" என்று வாங்கிக்கொண்டு போனது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு போர்வையை எடுத்து இருவருக்கும் சேர்த்துப் போர்த்தினாள். "பாவம், ரொம்ப நாளா கம்பளத்துலயே வேலை" என்றாள்.

மறுநாள் அறிக்கை வாசிக்கப்பட்டது. மெத்தை மிகக் கொடியது, அதன் முழுக் கொடுமையும் இன்னும் தெரியவில்லை, மேற்கொண்டு ஆராய அலுவலகத்துக்கே சிலவற்றை அனுப்ப வேண்டும் என்று அது சொன்னது. மெத்தைக்காரர் அனுப்பினார். அன்றிலிருந்து மதியங்களில் தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு ஆராய்ந்தார். ஆராய்ச்சி வராந்தா வரை கேட்டது. மெத்தைக்காரர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று.

இதற்குள் அடித்தோலின் தடிமன் பற்றிப் பேரவையில் சண்டை மூண்டிருந்தது. தபால் அட்டையளவு போதும் என்றது ஒரு கட்சி. தபால் அட்டையா, அது பலகை என்றது மற்றொன்று. வெங்காயத் தோலளவுதான் இருக்க வேண்டும் என்றது. அட்டைக்காரர்கள் தோல்காரர்களோடு பேசுவதில்லை. பொருளாளர் கட்சி மாறினார். பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்துக்கொண்டார். கடைசியில் தலைவர் இரு கட்சிகளையும் மிஞ்சினார். பந்தயத்துக்கு அடியே இல்லாத பாதணி என்று அறிவித்தார். மேலே துணி உண்டு, நாடா உண்டு. கீழே ஒன்றும் கிடையாது.

கூட்டத்தில் ஒரு தச்சர் எழுந்தார். "அப்ப நான் வெறுங்காலோட வந்துடலாமா ஐயா?"

தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. "வெறுங்காலா? கூடவே கூடாது! அது கட்டுப்பாடு இல்லாத வேலை. வெறுங்காலோட ஓடலாம்னு ஆயிடுச்சுன்னா, பேரவை எதுக்குன்னு ஜனங்க கேக்க மாட்டாங்களா?" என்றவர், சொன்னதைத் தாமே ஒரு கணம் கேட்டுவிட்டு, "தேநீர் கொண்டு வாங்க" என்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. பேரவை முத்திரையை அடித்தோலில் குத்துவது வழக்கம். அடித்தோல் இல்லையே? ஆகவே பாதத்திலேயே குத்துவது என்று முடிவாயிற்று. பந்தயத்துக்கு முந்தின நாள் எல்லோரும் வரிசையாகப் படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்க, செயலாளர் மச்சினன் மைப்பெட்டியோடு வந்தான். மெத்தைக்காரருக்கு உள்ளங்காலில் ஈ உட்கார்ந்தாலே கூச்சம்.

"ஆடாதீங்க, விண்ணப்பதாரரே."

"டேய், வேண்டாம்டா... ஹி... தொடாதடா..."

"முத்திரை கோணலாச்சுன்னா செல்லாது, அத்தான்!"

மெத்தைக்காரர் கெக்கலித்ததில் கால் எகிறி, முத்திரை மச்சினனின் நெற்றியில் விழுந்தது. பக்கத்தில் கிடந்த தச்சர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்ததில் அடுத்தவருக்குத் தொற்றியது. கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்கக் கால்களைக் காற்றில் உதைத்துக்கொண்டு ஜனங்கள் உருண்டார்கள். முறையாக முத்திரை பெற்றவர் அன்று செயலாளர் ஒருவர்தான்.

பந்தய நாள் விடிந்தது. ஆற்றங்கரைச் சாலையில் கூட்டம். ஓடுகிறவர்கள் எல்லோரும் மேலே ஷூவோடும் கீழே ஒன்றும் இல்லாமலும் நின்றார்கள். மெத்தைக்காரரின் மனைவி வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்து ஓரமாக நின்றாள். கம்பளம் விரித்த மேடையில் தலைவர், பஞ்சுச் செருப்போடு, கையில் கொடியோடு ஏறினார்.

கொடியை அசைப்பதற்கு முன் சில வார்த்தைகள் பேச விரும்புவதாகச் சொன்னார்.

பாதத்தின் வரலாற்றில் ஆரம்பித்தார். மனிதன் எழுந்து நின்ற இடத்துக்கு வந்தபோது வெயில் மரத்துக்கு மேலே வந்துவிட்டது. நெருப்பைக் கண்டுபிடித்த இடத்துக்கு வந்தபோது சாலை கொதித்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் ஒரு காலைத் தூக்கினார். பிறகு அதை வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் தொடர்ந்தார். வரிசை வரிசையாகக் கூட்டம் துள்ளத் தொடங்கியது. "மகிழ்ச்சி! மகிழ்ச்சி!" என்று பயிற்சி பெற்ற குரல்கள் எல்லாப் பக்கமும் கதறின.

தலைவரின் கண்கள் பனித்தன.

"இந்த உற்சாகத்தை நான் எதிர்பார்க்கலை!" என்று ஒலிபெருக்கியில் தழுதழுத்தார். "உங்க ஆனந்தக் கூத்தைப் பாத்த பிறகு, சுருக்கமா முடிக்கலாம்னு நினைச்ச உரையை முழுசாவே படிக்கிறேன்!"

அவ்வளவுதான். கூட்டத்துக்குக் கண்ணில் பட்ட ஒரே குளிர்ந்த இடம் மேடைக் கம்பளம். மொத்தப் பேரும் அதன் மேல் பாய்ந்தார்கள். மேடை கொள்ளவில்லை. இந்தப் பக்கம் ஏறின கூட்டம் அந்தப் பக்கம் தலைவரைத் தள்ளியது. செருப்பு இரண்டும் கம்பளத்தில் நிற்க, தலைவர் மட்டும் சாலையில் போய் இறங்கினார். காலுக்கும் பூமிக்கும் நடுவே அப்போது எதுவும் இல்லை.

தலைவர் ஓடினார். ஓடினார் என்றால் அப்படி இப்படி ஓட்டமில்லை. கொடி கையில் படபடக்க, பதினேழு வருடத்து ஓட்டத்தையும் சேர்த்து ஓடினார். கொடி அசைந்ததைப் பார்த்தவர்கள் பந்தயம் தொடங்கிவிட்டது என்று பின்னாலேயே பாய்ந்தார்கள்.

மெத்தைக்காரர் ஒரு காலில் நின்று தவித்துக்கொண்டிருந்தபோது மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து நீட்டினாள். மடித்து வைத்த அவருடைய பழைய மெல்லிய ஷூ.

"இதைப் போட்டா தகுதி போயிடும்டி."

"கால் போனா பரவாயில்லையா? போடுங்க. வாங்க."

போட்டார். ஓடினார்கள். முதல் சில எட்டுகளிலேயே மெத்தைக்காரரின் பாதத்துக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. தார் முடிந்து புல் வந்தது. புல் முடிந்து பாலத்துக் கல் வந்தது. பேச வேண்டியது மாதக்கணக்கில் சேர்ந்திருந்தது. அவள் புது டாக்டரைப் பற்றிச் சொன்னாள். அவர் தூங்கிப்போன பரிசோதகர்களின் குறட்டையை நடித்துக் காட்டினார். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஓடியதில், யார் யாரைத் தாண்டுகிறோம் என்று கவனிக்கவில்லை.

வளைவில் ஒரு குரல் கேட்டது. "நில்லுங்க! என்னை முந்தக் கூடாது! விதி இருக்கு!" தலைவர் ஆற்றில் காலை விட்டுக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்திருந்தார்.

"திங்கக்கிழமை நான் டியூட்டியில இருப்பேன் சார், வாங்க, நல்லதா ஒரு படம் எடுத்துடலாம்!" என்று மனைவி ஓடிக்கொண்டே கையசைத்தாள். முடிவுக்கோடு வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் மரநிழல் நீண்ட சந்து ஒன்று போயிற்று. மெத்தைக்காரர் கயிற்றைத் தூரத்தில் பார்த்தார். பிறகு சந்தைப் பார்த்தார்.

"மீன்கொத்தி இப்ப அங்கதான்" என்றாள் அவள். இடப்பக்கம் திரும்பினார்கள்.

பந்தயத்தில் தலைவர் முதலிடம் என்று பேரவை அறிவித்தது. மெத்தைக்காரர் மேல் நடவடிக்கை என்றும் அறிவித்தது. குற்றப்பத்திரிகையை அவர் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்டினால்தான் செல்லும் என்பது விதி. செயலாளர் கடைக்குப் போனால் வாடிக்கையாளர் கூட்டம். வீட்டுக்குப் போனால் அக்கா சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டதும் தூக்கம் வந்தது. கடைசியில் ஒரு விடிகாலை, கோட்டும் கனத்த ஷூவுமாக ஆற்றங்கரையில் காத்திருந்தான். இருவரும் வந்தார்கள். நிற்கவில்லை. அவன் பக்கத்தில் ஓடிக்கொண்டே வாசித்தான்.

"குற்றச்சாட்டு ஒன்று... வரையறுத்த பாதையை விட்டு... அத்தான், கொஞ்சம் மெதுவா!"

"நீ படிடா, கேக்குது" என்றார் மெத்தைக்காரர்.

ஷூ தடுக்கியது. இழவு என்று இரண்டையும் கழற்றிப் புல்லில் எறிந்துவிட்டு, வெறும் காலுறையோடு ஓடிவந்து சேர்ந்துகொண்டான். இப்போது மூச்சு வாங்குவது கொஞ்சம் குறைந்திருந்தது.

"குற்றச்சாட்டு இரண்டு, பேரவையின் அனுமதி இல்லாமல் ஓடியது. அக்கா, இந்தப் புல்லு என்ன இப்படி ஜில்லுன்னு இருக்கு? குற்றச்சாட்டு மூன்று, மாண்புமிகு தலைவர் அவர்களை..."

பாலத்தின் இறக்கம் வந்தது. கோட்டின் பின்பக்கம் பறக்க, காகிதம் காற்றில் படபடக்க, செயலாளர் அக்காவைத் தாண்டினான், அத்தானைத் தாண்டினான், போய்க்கொண்டே இருந்தான்.

"டேய்! எங்க மேல குத்தம் சொல்லிட்டு நீ எங்கடா ஓடற? நில்லுடா!"

"நிக்க வரலக்கா!" என்று வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.